சுருவிலில் மூன்று நாட்கள்

யாழ்ப்பாண நகரிலிருந்து புறப்படும் ஊர்காவற்றுறைப் பேருந்து பண்ணைப் பாலத்தின் மேலேறியதும் இருமருங்கும் ஆழமற்ற கடல் விரிகின்றது. காற்று உப்பை அள்ளி முகத்தில் எறிகின்றது. மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கிச் செல்கின்றன. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரைச் சூட்டி இத்தீவை லைடன் என்றழைத்தனர். நம்மவர்க்கோ அது வேலணைத் தீவு. நாரந்தனை, புளியங்கூடல், கரம்பொன் ஆகிய ஊர்களை அயலாகக் கொண்டு, பனங்கூடல்களுக்கிடையே அமைதியாகக் கிடப்பது சுருவில்.

நாம் அங்குச் சென்றது இயற்கைக் காட்சியைக் கண்டு களிப்பதற்காக அன்று. சோறுண்ணக் கற்றுக்கொள்வதற்காகவே சென்றோம் என்றால் வாசகர்கள் நகைப்பார்கள். ஆயினும் உண்மை அதுவே.

நாற்பதைக் கடந்த ஆசிரியர் ஒருவரின் வயிறு மேசையைத் தொடுவது ஊரில் எவர்க்கும் வியப்பன்று. ஆனால் எமது இரத்தத்தைச் சோதித்த வைத்தியர், “நீரிழிவு இன்னும் வீட்டுக்குள் வரவில்லை, வாசற்படியில் நிற்கின்றது” என்றார். எம் தந்தையார் இந்நோயினாற் காலொன்றை இழந்து, இறுதி ஆண்டுகளைக் கட்டிலிற் கழித்ததை நாம் மறந்தோமல்லோம். எமது உயரம் 168 சென்ரிமீற்றர். நிறையோ 76 கிலோ. நிறையை மீற்றரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஏறக்குறைய 27 வருகின்றது. ஆசிய மக்களுக்கு 23 இலிருந்தே விழிப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004 இல் எடுத்துரைத்தது. எம் உயரத்திற்கு அது 65 கிலோ. இடையில் உள்ளவை 11 கிலோ!

கணக்குத் தெரிந்தவர்க்கு மதியும் இருக்கவேண்டும் என்பது நியதியன்று. அன்று முதல் காலையுணவை நிறுத்தினோம். நண்பகலில் இரண்டு விசுக்கோத்தும் தேநீரும். இரவிற் பசி தாங்காது பாணை எடுத்துக்கொண்டு அடுக்களையில் நின்றபடியே உண்டோம். மூன்று வாரத்தில் மூன்று கிலோ குறைந்ததென்னவோ மெய்தான். அதனுடன் பொறுமையும் குறைந்தது. குற்றமற்ற மாணவனொருவனைக் கடிந்துகொண்ட அன்றே, கரும்பலகையின் முன் கண்ணிருண்டு, கையிலிருந்த வெண்கட்டி நழுவியது. நாற்காலியை ஓடி எடுத்து வந்தவன் அதே மாணவன்!

விடுமுறை வந்தது. சுருவிலிலுள்ள எம் பெரியம்மாவின் வீட்டுக்குச் சென்றோம். எழுபத்தெட்டு வயதினர். படலையைத் திறந்து நின்று எம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன தம்பி, காஞ்ச வடலி மாதிரி வந்து நிக்கிறாய்? யாழ்ப்பாணத்திலை சோறு கிடைக்கேல்லையோ?”

மறுநாட் காலையில் குரக்கன் பிட்டும், அவித்த பயறும், சம்பலும் வந்தன. நண்பகலில் சிவப்பரிசிச் சோறு. அது கோப்பையின் காற்பங்குக்கு மேலில்லை. பாதிக் கோப்பையை முருங்கையிலை வறையும் பொன்னாங்காணியும் கத்தரிக்காயும் நிறைத்திருந்தன. எஞ்சிய இடத்தில் விளைமீன் குழம்பு. நகரத்தில் நாம் உண்ட கோப்பையை இதனருகே நினைவில் வைத்துப் பார்த்தோம். அங்கே சோறு மலை. கறி அதன் அடிவாரத்தில் ஓடும் சிற்றோடை. பொருள்கள் ஏறத்தாழ ஒன்றே. பங்குகள்தாம் தலைகீழாயிருந்தன. அன்று மாலை நான்கு மணிக்கு வழக்கமாக வரும் சோர்வு வரவில்லை. பக்கத்து வீட்டுத் துவிச்சக்கர வண்டியை இரவல் பெற்று ஊர்காவற்றுறைவரை மிதித்து, கடல் நடுவே நிற்கும் கோட்டையைக் கண்டு மீண்டோம். கண்ணிருளவில்லை.

காரணம் மாயமன்று. தவிடு நீங்காத தானியமும் கீரையின் நாரும் மெல்லச் செரிக்கின்றன; ஆதலால் இரத்தத்திற் சீனி திடீரென ஏறி இறங்குவதில்லை. மீனிலும் பயற்றிலும் உள்ள புரதம் பசியை நெடுநேரம் அடக்குவதுடன், உடல் மெலியும்போது தசை கரையாமலும் காக்கின்றது. சோர்வுக்கு இரும்புச்சத்துக் குறைவும் ஒரு காரணம். கீரையிலே தேசிக்காய்ப் புளி விட்டால் அவ்விரும்பு உடலிற் சேர்வது எளிதாகும். உண்டவுடன் தேநீர் பருகினாலோ அது தடைப்படும். நாம் நாள்தோறும் ஐந்து தேநீரை, இரண்டிரண்டு கரண்டிச் சீனியுடன் பருகிவந்தவர்கள். அச்சீனி மட்டுமே 160 கலோரிக்குக் குறையாது. “பனங்கட்டி கடித்துக் குடித்தால் தீங்கில்லை” என்று நம்மவர் சொல்வதுண்டு. பனங்கட்டியும் சீனியின் உடன்பிறப்பே! ஊர்ப்பற்று அதன் கலோரியைக் குறைத்துவிடாது.

இரண்டாம் நாள் இரவு ஒடியற்கூழ். ஒடியல்மாவை நீரில் ஊறவைத்து, கசப்பு நீரை வடித்து, நண்டு, இறால், மீன்துண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, கீரை யாவும் வெந்த பானையிற் கரைத்து ஊற்றினார். புளியும் செத்தல் மிளகாயும் மணக்க, பனையோலைப் பிளாவில் வார்த்துத் தந்தார். முற்றத்தில் நிலவு. கூழின் சுவையோ ஆசிரியத்தொழிலின் குற்றமோ அறியோம், நாம் ஒரு சொற்பொழிவு தொடங்கினோம். முன்னோர் இவ்வுணவை உண்டதனாலன்றோ பருமனின்றி வாழ்ந்தனர், நாகரிகம் வந்து எம்மைக் கெடுத்தது என்று பேசிச் சென்றோம்.

பெரியம்மா பிளாவைக் கீழே வைத்தார்.

“அப்ப நாங்கள் மெலிஞ்சிருந்தது சுகத்தாலை எண்டோ நினைக்கிறாய்? மழை பிழைச்சால் நெல்லில்லை. நெல்லில்லையெண்டால் கூழ். சிலநாள் கூழுமில்லை. தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்து இருக்கேக்கை ஒருநேரக் கஞ்சிதான். நாங்கள் வேண்டாமெண்டு ஓடின பசியை நீ விரும்பிக் கூப்பிடுறாய்.”

எமக்கு மறுமொழி இல்லை. படித்ததொன்று மட்டும் நினைவுக்கு வந்தது. உலகப்போர் முடியுந் தறுவாயில், 1944-45 இல், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்னும் அறிஞர், தாமாக முன்வந்த 36 இளைஞரை 24 வாரம் அரைவயிற்றுணவில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் உடல்நிறையில் ஏறக்குறையக் காற்பங்கை இழந்தனர். கூடவே ஊக்கத்தையும் இழந்தனர். குளிரும் எரிச்சலும் வாட்டின. எந்நேரமும் உணவே நினைவாயிற்று. அவர்களிற் சிலர் சமையற்குறிப்பு நூல்களைச் சேகரிக்கலாயினராம்! அடுக்களையிற் பாணுடன் நின்ற எம் கோலம் கண்முன் வந்தது.

11 கிலோவையும் ஒரேயடியாகத் துரத்தவேண்டியதும் இல்லை. 2002 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நிறையில் 7 வீதத்தைக் குறைப்பதையும் வாரத்திற்கு 150 நிமிடம் உடலை இயக்குவதையும் குறிக்கோளாகக் கொண்டோரிடையே, நீரிழிவு தோன்றுவது 58 வீதம் குறைந்தது. எமக்கு 7 வீதம் என்பது ஐந்து கிலோவும் சற்றும். சென்னையிலிருந்து 2006 இல் வெளிவந்த ஆய்விலும், உணவையும் நடையையும் சீர்செய்தோரிடம் அந்நோய் 28.5 வீதம் குறைந்தது. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் மட்டும் வைத்தியரைக் கேளாமல் உணவை மாற்றலாகாது. வளரும் மாணவர் பட்டினி கிடக்கவே கூடாது.

மூன்றாம் நாள் ஒடியல்மாப் பொட்டலமும் ஒரு கட்டு முருங்கையிலையுமாக நகருக்குத் திரும்பினோம். காலையுணவு மீண்டும் வந்தது, சீனி போயிற்று, மாலையில் அரைமணி நேர நடை சேர்ந்தது. எட்டுத் திங்களில், பட்டினியாற் போன மூன்றையும் சேர்த்து ஆறு கிலோ குறைந்துள்ளது. வைத்தியர் சொன்ன விருந்தினர் படியைவிட்டுச் சற்று இறங்கி முற்றத்தில் நிற்கின்றார் போலும். இடையில் ஒரு திருமண வாரத்தில் ஒன்றரைக் கிலோ திரும்பி வந்த கதையை இங்கு விரிக்கப்போவதில்லை.

சென்ற மாதம் சுருவிலுக்குச் சென்றபோது நிறை பார்க்கும் கருவியையும் கொண்டு சென்றோம், எம் வெற்றியைக் காட்டுவதற்காக. பெரியம்மா விளையாட்டாகத் தாமும் ஏறி நின்றார். முள் 38 இல் நின்றது. அவர் உயரத்திற்கு அது மிகக் குறைவு. இத்தனை நாளும் அவர் கோப்பையை நாம் பார்த்ததேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாளே அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். பெரிய நோயெதுவும் இல்லை; வயதுக்கேற்ற ஊட்டம் போதாது என்றனர்.

அன்றிரவும் கூழ்தான். அகப்பையை நாம் வாங்கிக்கொண்டோம். அவர் பிளாவில் மீனும் இறாலும் மிகுதியாக விழுந்தன. மேலே சிறிது தேங்காய்ப்பாலும் விட்டோம். எமக்குக் கீரையும் பயற்றங்காயும்.

“நண்டுக்காலை எனக்கே போட்டிட்டியோ?” என்றார்.

“ஓம் பெரியம்மா, நீங்கள் சாப்பிடுங்கோ” என்றோம்.