அறுவைக்கு முந்திய நாள் சவரம்

அறுவைக்கு முந்திய மாலையில், நாவிதர் ஒருவர் பெட்டியும் சோப்பு நுரையுமாக நோயாளியின் கட்டிலருகே வந்து நிற்பது ஒரு காலத்தில் மருத்துவமனைகளின் வழக்கம். ரோமத்தில் அழுக்குத் தங்கும். ரோமம் போனால் கிருமியும் போகும் என்பது அதற்குச் சொன்ன நியாயம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால், கத்தி ரோமத்தோடு நிற்பதில்லை. கண்ணுக்குப் புலப்படாத கீறல்களைத் தோலில் இட்டுவிட்டுப் போகிறது. தோலின்மேல் இயல்பாகவே குடியிருக்கும் கிருமிகள் அவற்றுள் புகுந்து இரவெல்லாம் பெருகுகின்றன. விடிந்ததும் மருத்துவரின் கத்தி அதே இடத்தில் இறங்குகிறது.

1971இல் செரோப்பியன், ரெனால்ட்ஸ் என்னும் இருவர் அமெரிக்காவில் 406 நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். மழிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 5.6 பேருக்குப் புண்ணில் தொற்று கண்டது. களிம்பு பூசி ரோமம் நீக்கியவர்களில் அது 0.6தான்! மழித்து 24 மணி நேரத்திற்கு மேல் கடந்திருந்தால் தொற்று 20ஐத் தாண்டியது. ஆக, முன்னதாகவே மழித்துத் தயாராகும் நம்மவர் சுறுசுறுப்புத்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

பாப்பாரப்பட்டியில் எங்கள் பெரியத்தாவுக்குக் குடலிறக்கம். தருமபுரிக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே புது பிளேடு வாங்கிவரச் சொன்னார்.

"டாக்டர் முன்னால் இப்படியா போய்ப் படுப்பது?" என்றார். அவருடைய வெட்கம் எனக்கு விளங்காமல் இல்லை. நாற்பது நாள் கணக்கையும் நினைவூட்டினார். அந்தரங்க ரோமத்தை நாற்பது நாட்களுக்கு மேல் விட்டுவைக்கலாகாது என்பது ஹதீஸ் காட்டும் வரம்பு. அறுவையை ஒட்டித்தான் களைய வேண்டும் என்று அதில் இல்லையே!

"நாற்பதுக்கு இன்னும் நாளிருக்கிறது, பெரியத்தா. குணமாகி வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். முணுமுணுத்தார்; பிளேடை மட்டும் மறுபடி கேட்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2016இல் தெளிவாகவே சொல்லிவிட்டது: ரோமத்தை எடுக்க வேண்டாம், எடுத்தே தீரவேண்டுமானால் கிளிப்பரால் நறுக்குக, சவரக் கத்தி எந்த நேரத்திலும் ஆகாது. கிளிப்பர் தோலைச் சுரண்டாமல் ரோமத்தைக் கத்தரிக்கிறது. ஆனால் அதற்கு விலை உண்டு. ஒவ்வொருவருக்கும் அதன் தலையை மாற்றவோ சுத்திகரிக்கவோ வேண்டும். பிளேடோ சில ரூபாயில் முடிந்துவிடுகிறது. பழக்கம் இன்னும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுக்கப் போகும் நம் வீட்டுப் பெண்களும், கூச்சத்தால் வீட்டிலேயே மழித்துக்கொண்டு போவதுண்டு. தாய்மார்கள் இதை அவர்களிடம் மறைவாகவேனும் பேசலாம். சோப்பிட்டுக் குளித்துவிட்டுப் போனால் போதும். மற்றதை நர்ஸிடம் கேட்டுக்கொள்ளலாம்.