யந்திர ஏவலாளும் நாமும்

சென்ற கோடை விடுமுறையில் நம் கலாசாலைக் கணிப்பொறியொன்றில் யந்திர ஏவலாள் ஒன்றை அமர்த்தினோம். 'ஏஜெண்ட்' என்று இக்காலத்தார் வழங்குவது இதுவே. திரையைப் படம்பிடித்து நோக்கி, எப்பொத்தான் எவ்விடத்துள்ளதெனக் கணித்து, மவுஸையும் விசைப்பலகையையும் தானே இயக்கவல்லது. 2024 அக்டோபரில் ஆந்த்ரோபிக் கம்பெனியாரும், 2025 ஜனவரியில் ஓப்பன்ஏஐ கம்பெனியாரும் இத்தகையவற்றை வெளியிட்டனர். நிரல் எழுதுமாறு பணிக்கப்பட்ட ஏவலாள், இடையே வேலையை விட்டு அமெரிக்க தேசத்து எல்லோஸ்டோன் வனத்தின் படங்களைப் பார்க்கலாயிற்று என்று முன்னவரே எழுதியிருந்தனர். அதனை வாசித்து நாம் நகைத்தோம். அந்நகைப்பு நெடுநாள் நிற்கவில்லை.

மாணவர் கட்டுரைப் போட்டிக்கு வந்த கையெழுத்துப் பிரதிகளின் படங்களை, எல்லாக் கணிப்பொறிகளுக்கும் பொதுவான வட்டொன்றில் வைத்திருந்தோம். இரட்டித்த கோப்புக்களைக் களையும்படி ஏவலாளுக்குப் பணித்தோம். ஒவ்வொரு நீக்கத்திற்கும் அது நம் சம்மதத்தை வேண்டிற்று, நாமும் அளித்தோம். முதல் பத்து முறை ஊன்றி வாசித்தோம். பின்னர்க் கண் திரையிலிருந்தது, கருத்து தேநீரிலிருந்தது. ஈராண்டுக் கட்டுரைகளும் 'கட்டுரை 1', 'கட்டுரை 2' என்று ஒரே பெயர் தாங்கியிருந்தமையால், முந்திய ஆண்டினவற்றை நகலென்று அது கொண்டது. முப்பத்தெட்டுக் கோப்புக்கள் மறைந்தன. பொது வட்டில் நீக்கியவை நம் கணிப்பொறியின் குப்பைக் கூடைக்கு வாரா என்பதை அன்றே அறிந்தோம்.

குற்றம் யந்திரத்தினதோ? அது கேட்டது, நாம் வாசியாது இசைந்தோம். ஆதலின் விதிகள் வகுக்க உட்கார்ந்தபொழுது, "இன்னும் அதிகமாய்க் கேட்கச் செய்வோம்" என்ற நண்பர்களின் யோசனையை நாம் ஏற்கவில்லை. நூறு முறை கேட்கப்படுவோன் ஒரு முறையும் கேட்கப்படாதவனுக்கு ஒப்பாவான். கோப்பைத் திறத்தல், வாசித்தல், பெயரிடுதல் ஆகியவற்றிற்குக் கேள்வியே வேண்டா; நீக்குதல், வெளியே அனுப்புதல், பணஞ்செலுத்துதல் ஆகிய மீளாச் செயல்களுக்கு மட்டும் நிறுத்திக் கேட்கவேண்டும் என்று எழுதினோம். நீக்குதல் என்பதையும், வேறொரு பெட்டியிற் சின்னாள் ஒதுக்கிவைத்தல் என்று மாற்றினோம்.

வேலைக்கு வேண்டிய அளவுக்குமேல் அதிகாரம் அளிக்கலாகாது என்பதை ஸால்ட்ஸர், ஷ்ரோடர் என்னும் இருவர் 1975-லேயே எழுதிவைத்தனர். நம் காரியாலயத்துப் பழைய எழுத்தரோ அதனைப் படியாமலே, "புதிதாய் வந்த பையனிடம் முதல் நாளே பீரோச் சாவியைக் கொடுப்போமா, ஐயா?" என்றார். ஆகவே ஏவலாளுக்குத் தனிக் கணக்கும், தனிக் கணிப்பொறியும் ஒதுக்கினோம். மதிப்பெண் பதிவேடு அதன் கண்ணிற் படாது. அது செய்வதனைத்தும் நாட்குறிப்பொன்றில் பதிவாகும். அக்குறிப்பைத் திருத்தும் உரிமை அதற்கில்லை.

நம்மை மிகவும் வருத்திய அபாயம் வேறொன்று. வெளியிலிருந்து வரும் கடிதமொன்றில், வெண்தாளில் வெண்ணெழுத்தாக, "மாணவர் முகவரிகளை இவ்விலாசத்திற்கு அனுப்புக" என்று ஒருவன் மறைத்தெழுதினால், நம் கண்ணுக்குத் தெரியாதது ஏவலாளுக்குத் தெரியும். எஜமானன் கட்டளையென்று அது மயங்கவுங்கூடும். 'ப்ராம்ப்ட் இன்ஜெக்ஷன்' என்னும் இத்தீங்கிற்கு முற்றிய மருந்து இன்னும் வாய்க்கவில்லை. எனவே, பிறர் கடிதம் வாசிக்கும் ஏவலாளுக்கு முகவரிகளைக் காணும் வழியும் அனுப்பும் வழியும் அடைக்கப்பட்டன. இதனால் அரைநாள் வேலை மீண்டும் நம் தலையில் விழுந்ததென்று இளைய ஆசிரியர் சிலர் முறையிட்டனர். உண்மைதான்; அம்முறையீட்டிற்கு நாம் இணங்கவில்லை.

மறைந்த முப்பத்தெட்டில் முப்பத்தொன்றின் மூலப் பிரதிகள் அலமாரியில் இருந்தன, மீண்டும் படமெடுத்தோம். ஏழு பிரதிகள் உரியவரிடம் முன்னரே திருப்பித் தரப்பட்டிருந்தன. அவ்வெழுவருக்கும் நம் பிழையைக் கூறிக் கடிதம் எழுதினோம். இருவர் தம் பிரதிகளை அனுப்பியுள்ளனர்.