மக்குயீனுக்குக் கிடைக்காத கார்

1968 ஆம் ஆண்டில் வெளிவந்த 'புல்லிட்' என்ற ஹொலிவூட் திரைப்படத்தின் கதையைக் கேட்டால், அதைப் பார்த்தவர்களிலேயே பலர் தடுமாறுவர். சாட்சி ஒருவனைப் பாதுகாக்க வேண்டிய பொலிஸ் அதிகாரி, அவரை நெருக்கும் அரசியல்வாதி என்று ஏதோ சொல்வர். ஆனால், சான் பிரான்சிஸ்கோவின் செங்குத்தான வீதிகளில் கரும்பச்சை நிற போர்ட் மஸ்டாங் கார் ஒன்று கறுப்பு டொட்ஜ் சார்ஜரைத் துரத்திச் சென்ற பத்து நிமிடங்களைப் பற்றிக் கேளுங்கள். வளைவு வளைவாகச் சொல்வர்.

நானும் அவர்களில் ஒருவனே. துரத்தல் சூடுபிடித்ததும் லாலோ ஷிஃப்ரினின் இசை நின்றுவிடுகிறது. பிறகு இயந்திரங்களின் உறுமலும் டயர்களின் கிறீச்சொலியுமே கேட்கின்றன. கதாநாயகன் ஸ்டீவ் மக்குயீன் காரின் ஒரு பகுதி ஓட்டத்தைத் தானே ஓட்டினார். ஆபத்தான பகுதிகளை பட் எக்கின்ஸ் போன்றோர் ஓட்டினர். வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது. படத்தொகுப்பாளர் பிராங்க் கெல்லருக்கு ஒஸ்கார் விருது கிடைத்தது. (ஒரே பச்சை நிற வொக்ஸ்வாகன் காரை அவர்கள் மீண்டும் மீண்டும் முந்திச் செல்வதை விருதுக் குழுவினர் பெரிதுபடுத்தவில்லை போலும்.)

படப்பிடிப்பில் இரண்டு மஸ்டாங்குகள் பயன்பட்டன. பாய்ச்சல்களில் அடிவாங்கிய கார் 2017 இல் மெக்சிக்கோவில் பழைய இரும்புக்கிடையில் கண்டெடுக்கப்பட்டது. மக்குயீன் ஓட்டிய மற்றைய காரின் வரலாறுதான் எனக்கு விருப்பமானது. கைமாறிக் கைமாறி வந்த அதை, 1974 இல் சஞ்சிகை விளம்பரமொன்றைப் பார்த்து நியூ ஜேர்சியைச் சேர்ந்த ஒருவர் 6,000 டொலருக்கு வாங்கினார். ஆசிரியையான அவரது மனைவி அதிலேயே பாடசாலைக்குச் சென்றுவந்தார்! உலகெங்கும் ரசிகர்கள் கனவு கண்ட கார், ஒரு குடும்பத்தின் அன்றாட வாகனமாக ஓடிக்கொண்டிருந்தது.

1977 இல் மக்குயீனிடமிருந்தே கடிதம் வந்தது. காரைத் தனக்கு விற்கும்படியும், பதிலுக்கு வேறொரு மஸ்டாங் தேடித் தருவதாகவும் அவர் கேட்டிருந்தார். அந்தக் குடும்பம் இணங்கவில்லை. 1980 இல் மக்குயீன் காலமானார். ஏறக்குறைய அதே காலத்தில் கிளச் பழுதாகிக் காரும் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது.

அதன் பின்னர் பல தசாப்தங்களாக அது எங்கிருக்கிறது என்பது வெளியுலகிற்குத் தெரியவில்லை. செய்தி தேடியே வாழ்ந்துவிட்ட எனக்கு இதுதான் பெரும் வியப்பு. ஒரு நகரசபைத் தீர்மானத்தைக்கூட ஒரு நாள் மூடிவைக்க முடியாத உலகில், ஒரு வீட்டார் இத்தனை காலம் வாய் திறக்கவில்லை. பெருமை பேசவேனும் ஒருவருக்கு மனம் வந்திராதா? அந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன். அந்த வீட்டின் கதவைத் தட்டும் வாய்ப்பு எனக்கு அமையாது போனதில் சிறு வருத்தமும் உண்டு.

தந்தை 2014 இல் மறைந்தார். மகன் காரை மீண்டும் ஓடச் செய்து, 2018 ஜனவரியில் டெட்ராயிட் மோட்டார் கண்காட்சியில் உலகிற்குக் காட்டினார். புதுப்பூச்சு எதுவும் பூசவில்லை. நெளிவுகள், துரு, கமராவைப் பொருத்திய அடையாளங்கள் யாவும் அப்படியே இருந்தன. 2020 ஜனவரியில் புளோரிடாவில் நடந்த ஏலத்தில் அக்கார், கட்டணங்கள் உட்பட, 37 இலட்சத்து 40 ஆயிரம் டொலருக்கு விலைபோனது.

வாங்கியவர் தமது பெயரை வெளியிடவில்லை.