ஈர மணலில் ஓர் ஆனா

சாரல் தொடங்கியதும் பேத்தியை அழைத்துக்கொண்டு தென்காசியிலிருந்து குற்றாலம் போனேன். குளிக்க அல்ல, அவளிடம் மன்னிப்புக் கேட்க என்றுதான் சொல்ல வேண்டும்.

நாலு வயது, எல்.கே.ஜி. 'எழுத மறுக்கிறாள்' என்று பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்தது. அன்று இரவு அவள் விரல்களைப் பென்சிலோடு சேர்த்துப் பிடித்து அழுத்தினேன். வீறிட்டாள்.

அந்த வயதில் மணிக்கட்டு எலும்புகள் சில இன்னும் குருத்தாகவே இருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை முதலில் விரலால் தடவிப் பழகச் சொன்னதையும் படித்திருக்கிறேன். ஏன், நம் திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் மணலில்தானே ஆரம்பித்தார்கள்? (பிரம்பும் பக்கத்தில் இருந்தது, அது வேறு கதை.) படித்தது படித்தபடி இருக்க, சீட்டைக் கண்டதும் பயம் வந்துவிட்டது. அடுத்த வீட்டுப் பையன் ஏ, பி, சி, டி முழுவதும் எழுதுகிறானாம்!

ஐந்தருவியில் ஒரே கூட்டம். திரும்பி வந்து சிற்றாற்றங்கரையில் உட்கார்ந்தோம். ஈர மணலில் அவள் விரல் தானாகச் சுழித்தது, வளைந்தது, ஒரு கோடு இறங்கியது.

"ஆனாவா, கண்ணு?" என்றேன்.

திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். உள்ளங்கையால் அவசரமாக அழித்தாள்.

"இல்லே தாத்தா. சும்மா."