முல்லைத்தீவு வீதியில் சில முன்னறைகள்

பரந்தன் சந்தியில் ஏ-9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு வரை செல்வது ஏ-35 வீதி. முரசுமோட்டை, புளியம்பொக்கணை, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் இவ்வீதியால் போனவர்களுக்கு இந்தப் பெயர்கள் வேறு விதமாக நினைவிருக்கும். எந்த ஊரில் எத்தனை நாள் இருந்தோம் என்ற கணக்கு அது. ஓடுகளையும் கதவு நிலைகளையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர்கள், அவற்றை இடத்துக்கிடம் விட்டுவிட்டு, கடைசியில் உடுத்த உடுப்போடு முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மீளக் குடியேறியபின் இவ்வீதியின் இருபுறமும் வீடுகள் எழுந்தன. பெரும்பாலானவை வீட்டுத்திட்ட வீடுகள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு புதிய வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, வேலை முடிய முடியக் கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. வீட்டின் பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடி. இரண்டு அறை, ஒரு குசினி, நடுவில் ஒரு ஹோல். அந்தத் தொகைக்குள் முடிக்க முடியாமல் கடன்பட்ட குடும்பங்கள் பல. சுவருக்குப் பூச்சு இல்லாமலே குடிபோனவர்களும் உண்டு. அந்த ஹோலைத்தான் இப்போது எமது பெண்கள் ஒவ்வொருவராகப் புதுப்பிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். வேலை நிமித்தம் இவ்வீடுகளுக்குப் போய்வரும் எனக்கு, யார் வீட்டில் என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பது ஒரு பழக்கமாகிவிட்டது.

எமது பழைய நாற்சார் வீடுகளில் திண்ணையும் தலைவாசலும் ஆண்களுக்கான இடங்கள். வந்தவர் அங்கேதான் இருப்பார், பேச்சும் அங்கேதான் நடக்கும். பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொல்வார்கள், அல்லது தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். இன்று இவ்வீதியில் பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் ஏராளம். கிராம அலுவலர் வந்தாலும், பிள்ளையின் ஆசிரியர் வந்தாலும், கலியாணம் பேச வந்தாலும் முன்னறையில் இருந்து பேச வேண்டியவள் அவளே. ஆனால் அந்த அறையில் அவளுக்கென்று ஒரு கதிரை இருக்கிறதா என்று பார்த்தால், அநேகமாக இல்லை.

தருமபுரத்துப் பக்கம் ஒரு வீடு. கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள், தையல்தான் வருமானம். ஹோலில் கபில நிறத்தில் ஒரு பெரிய செற்றி, தவணைக்கு எடுத்தது. பொலித்தீன் உறைகூடக் கழற்றவில்லை. பிள்ளைகள் அதில் ஏறக் கூடாது. தையல் மெசின் படுக்கையறையின் இருட்டு மூலையில் இருக்கிறது. “செற்றியில ஆர் அக்கா இருக்கிறது?” என்று கேட்டேன். “மாசம் மாசம் காசுக்கு வாற பெடியன் மட்டும்தான் இருக்கிறவன், மிஸ்” என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நுண்கடன் எங்கள் பெண்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பது இவ்வீதியில் எல்லோருக்கும் தெரியும். 2018ஆம் ஆண்டில் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. உழைப்புக்காக எடுத்த கடனே அந்த நிலைக்குக் கொண்டுபோனதென்றால், அறையின் அழகுக்காக எடுக்கும் கடனை என்னவென்பது? நல்ல கதிரைக்கு ஆசைப்படுவது பிழையென்று நான் சொல்லவில்லை. தறப்பாள் கொட்டிலில் ஆண்டுக்கணக்காக இருந்தவளுக்கு அந்த ஆசை வருவது நியாயமே. ஆனால் மெசின் இருட்டிலும் செற்றி வெளிச்சத்திலும் இருக்கும் வீட்டில், தவணைக்காசைத் தேடித் தருவது எது?

விசுவமடுவில் இதற்கு நேரெதிரான வீடொன்றைப் பார்த்தேன். அந்த அக்கா முதலில் செய்தது அறையை வெறுமையாக்கியதுதான். மாசி மாதம், காலபோக அறுவடை முடிந்த நேரம். எங்கள் ஹோல்கள் எல்லாம் நெல்மூட்டையும் சைக்கிளும் உடைந்த கதிரையுமாகக் கிடக்கும் காலம் அது. அவர் மூட்டைகளைப் பலகை அடுக்கிப் பின்னறைக்கு மாற்றினார். யன்னலை மறைத்து நின்ற அலுமாரியை உட்சுவரோடு நகர்த்தினார். எதிரெதிர் யன்னல்கள் இரண்டும் திறந்ததும், காற்று தானாக வந்தது என்றார். வெளிச்சம் விழும் யன்னலடியில் தையல் மெசின், பக்கத்தில் துணி வெட்ட ஒரு மேசை.

சுவருக்கு அவர் விலை கூடிய பெயின்ற் வாங்கவில்லை. சுண்ணாம்பை நீற்றி, துணியால் வடித்து, ஒட்டிப்பிடிக்க உப்பும் வெண்மைக்குச் சிறிது நீலமும் கலந்து, நனைத்த சுவரில் மூன்று தரம் மெல்லிதாகப் பூசியிருக்கிறார். இதைச் செய்ய விரும்பும் சகோதரிகள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் எரிக்கும், ஆகவே கைக்கு உறையும் கண்ணுக்கு மறைப்பும் தேவை. பிள்ளைகளை அண்ட விடக் கூடாது. ஏற்கெனவே பெயின்ற் அடித்த சுவரில் அது நிற்காது, உரிந்துவிடும். புதிதாகப் பூச்சுப் பூசிய சுவர் என்றால், பெயின்ற் அடிக்கக் குறைந்தது ஒரு மாதமாவது காய விடுங்கள்.

கூரையில் இரண்டு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போட்டிருந்தார். இருக்கும் இடத்துக்கு நேர்மேலே போட்டால் மதிய வெயில் தலையில் இறங்கும் என்று மூலைப் பக்கமாகப் போட்டது அவருடைய கெட்டித்தனம். அஸ்பெஸ்ரஸ் கூரை உள்ளவர்கள் தகட்டை வெட்டவோ துளைக்கவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். திரைச்சீலைக்கு அம்மாவின் பழைய பருத்திச் சேலை. தரையில் சாயமிட்ட சார்வோலைப் பாய், அயலில் உள்ள ஒரு ஆச்சி இழைத்தது. ஆச்சிக்கும் அதில் ஒரு வருமானம்.

அந்தச் சுவரில் ஒரு படம் இருந்தது. பதினெட்டு வயது மதிக்கத்தக்க பையன், பாடசாலைச் சீருடையில். மாலை இல்லை, விளக்கு இல்லை. இறந்தவர் என்று சொல்ல முடியாதவர்களின் படங்களை எங்கள் பெண்கள் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். வெள்ளையடிக்கும்போது அதை உள்ளறைக்கு மாற்றுவோமென்று மகள் கேட்டிருக்கிறாள். வாறவை எல்லாரும் ஆர் எவர் என்று கேட்கினம், அம்மா அழுகிறா என்பது அவளுடைய நியாயம். தாயின் பதில் வேறு. “நான் றோட்டில இருந்து கேக்கிறதே இவனைத்தான். வீட்டுக்குள்ள ஒளிச்சு வைக்கிறதோ, மிஸ்?”

2017ஆம் ஆண்டு மாசி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்தில் அவரும் இருந்தவர். வீட்டை அழகாக்கச் சொல்லும் புத்தகங்கள் பழையனவற்றை அகற்று என்று எளிதாகச் சொல்லிவிடும். எங்கள் வீடுகளில் எது பழையது என்று வெளியார் சொல்ல முடியாது. நான் சொன்னது ஒன்றுதான்: மழை ஒதம் ஏறும் வெளிச்சுவரில் வேண்டாம், உட்சுவரில் மாட்டுங்கோ. ஒரு பிரதி எடுத்து உறவினர் வீட்டிலும் வையுங்கோ. எத்தனையோ விசாரணைகளுக்குக் கொண்டுபோன படம் அது, இன்னும் தேவைப்படும். இப்போது அது மெசினுக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. தைக்கும்போது நிமிர்ந்தால் தெரியும். மகளும் அதற்குச் சம்மதம்.

புதுக்குடியிருப்பைத் தாண்டி, வட்டுவாகல் பாலம் கடந்தால் கடற்காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் கருவாடு போட்டு விற்கும் ஒரு அம்மாவின் வீடு. வாசலில் நின்றபோதே, “செருப்பைக் கழட்டிப்போட்டு வா பிள்ளை, தரை புதுசு” என்றார். சிவப்புத்தூள் கலந்த சீமெந்தை மருமகன் இழுத்துத் தந்திருக்கிறார், ஒரு வாரம் தண்ணீர் கட்டி வைத்தது இவர். கதவும் யன்னல் நிலைகளும் கடும் நீலம். தம்பியின் படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற். சுவருக்கும் அதையே அடிக்கலாமென்று தம்பி சொன்னாராம், நாற்றமும் மினுக்கமும் தாங்காது என்று இவர் விடவில்லை.

வாசலைப் பார்த்தபடி ஒரு மரக்கதிரை, அதே நீலத்தில். அதில்தான் அவர் இருந்தார். எனக்குப் பாயைக் காட்டினார். வெளியே கருவாட்டு வியாபாரி ஒருவர் வந்து கூப்பிட, எழும்பாமலே, “உள்ள வந்து விலையைச் சொல்லுங்கோ தம்பி” என்றார்.