எரித்தால் ஒழியுமா?

"குப்பையைக் கொளுத்திவிட்டோம், இடம் தூய்மையாகிவிட்டது" என்று சொல்லும் வழக்கம் நம் தோட்டப்புறங்களில் நெடுநாளாக உண்டு. வீட்டின் பின்புறம் சருகையும் காகிதத்தையும் பிளாஸ்டிக் பைகளையும் ஒன்றாகக் குவித்து, அந்தி நேரத்தில் நெருப்பு வைப்பார்கள். கொசு ஓடும், குப்பையும் ஒழியும் என்பது அவர்கள் எண்ணம். குப்பை உண்மையில் ஒழிகிறதா என்பதை மாணவச் செல்வங்களோடும் பெற்றோர்களோடும் சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

எரிந்த பொருள் அழிவதில்லை, உருமாறுகிறது. ஒரு பகுதி சாம்பலாகக் கீழே தங்குகிறது. எஞ்சியது புகையாகவும் கரியமில வாயுவாகவும் மேலே செல்கிறது. இவ்வாயு கதிரவனின் ஒளியை உள்ளே வரவிட்டு, நிலத்திலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தைப் போர்வைபோல் தடுத்து வைக்கிறது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-ஆம் ஆண்டில் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று அது 420 பங்கைக் கடந்துவிட்டது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை உலகம் எரித்ததே தலையாய காரணம்.

இதன் விளைவு நமக்குத் தொலைவில் இல்லை. 2016 மார்ச் மாதத்தில் கடும் வெப்பத்தால் பெர்லிஸ், கெடா மாநிலங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. 2023-ஆம் ஆண்டிலும் வெப்பத்தின் காரணமாக வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்துமாறு கல்வியமைச்சு பள்ளிகளைப் பணித்தது. திடலில் ஓடியாட வேண்டிய பிள்ளைகள் வகுப்பறைக்குள் அமர்ந்திருக்க நேர்ந்தது.

எனில், எரிக்காமல் குப்பைமேட்டுக்கு அனுப்பிவிட்டால் போதுமா? அதுவும் போதாது. செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குளத்து நாற்றத்தை நம் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். காற்றுப் புகாத ஆழத்தில் கழிவு அழுகும்போது, அந்த நாற்றத்தோடு நாற்றமே இல்லாத மீத்தேன் என்னும் வாயுவும் எழுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்க வல்லது அது. குப்பைமேட்டின் அடியில் புதையும் சோறும் காய்கறித் தோலும் இதே வாயுவைத்தான் வெளியிடுகின்றன.

இதனை உணர்ந்தே, எம் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கூட்டுப்பணியால், சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னே இரண்டு பலகைத் தொட்டிகளை அமைத்தோம். சருகு ஓர் அடுக்கு. காய்கறித் தோல் ஓர் அடுக்கு. மாணவர்கள் வாரந்தோறும் அவற்றைப் புரட்டிவிடுகின்றனர். காற்றோட்டம் இருந்தால் மீத்தேன் உண்டாவது மிகவும் குறையும். இறைச்சியும் எண்ணெயும் சேர்ப்பதில்லை. சேர்த்தால் எலி வரும். சில மாதங்களில் குப்பை கரிய எருவாகிறது. அந்த எருவில் வெண்டையும் கத்தரியும் கீரையும் செழிக்கின்றன.

சங்கக் கூட்டத்தில் ஒரு தந்தையார் எழுந்து, "ஐயா, பெரிய பெரிய ஆலைகளும் விமானங்களும் விடும் புகைக்கு நடுவே எங்கள் வீட்டுச் சருகுதானா உங்கள் கண்ணில் பட்டது?" என்று கேட்டார். நேர்மையான கேள்வி! உலகின் வெப்பத்தில் ஒரு தோட்டத் தொழிலாளியின் பங்கு மிகச் சிறியது. அவ்வுண்மையை மறைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துதல் முறையன்று.

பெரியவர்களின் புகைக்குச் சட்டமே மருந்து. அது ஓரளவு வந்துமிருக்கிறது. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1998-இல் திருத்தப்பட்டு, சில விலக்குகள் தவிர, திறந்தவெளியில் எரிப்பது தடை செய்யப்பட்டது. முன்னாளில் மறுநடவின்போது வெட்டிய மரங்களைக் கொளுத்திய தோட்டங்கள், பின்னாளில் செம்பனைத் தண்டுகளைச் சீவி நிலத்திலேயே மக்கவிடும் முறைக்கு மாறின. 2014 முதல், புதிய செம்பனை ஆலைகள் மீத்தேனைப் பிடித்து வைக்கும் ஏற்பாட்டைக் கொண்டிருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. இன்னும் செய்ய வேண்டியது மிகுதி. அதனைக் கேட்டுப் பெறும் உரிமையும் நமக்கு உண்டு.

ஆனால், கொல்லைப்புறத்து நெருப்பை அணைக்க நாள்தோறும் எந்த அதிகாரி வருவார்? அங்கே நாமே சட்டம். அப்புகையை முதலில் மூச்சில் வாங்குவது யார்? தொட்டிலில் கிடக்கும் நம் குழந்தையும், இழுப்பு நோயால் வருந்தும் நம் பாட்டியும் அல்லவா? இதையே அத்தந்தையாரிடம் கூறினோம். அவர் முற்றிலும் ஒப்புக்கொண்டார் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அவர்தம் மகள் இப்போது வீட்டுச் சருகைச் சாக்கில் கட்டிப் பள்ளிக்குக் கொண்டு வருகிறாள்.

இவை நமக்குப் புதியனவும் அல்ல. தூக்குச்சட்டியில் உணவும் துணிப்பையில் மளிகையும் கொண்டு வந்தவர்கள் நம் பாட்டன்மார். மிஞ்சிய சோறு கோழிக்கும், மாட்டுச் சாணம் கீரைப் பாத்திக்கும் போயின. அவர்கள் வறுமையால் செய்ததை நாம் அறிவால் செய்வோம். தூக்குச்சட்டி கொண்டு வரும் பிள்ளை வெட்கப்பட வேண்டியதில்லை, தலைநிமிர்ந்து வரலாம்.

எனவே பெற்றோர்களை மூன்று செயல்களுக்காக வேண்டிக்கொள்கிறோம். குப்பைக்கு நெருப்பு வைக்காதீர்கள். சருகையும் காய்கறித் தோலையும் தனியே பிரித்து வையுங்கள். எருவாக்க இடமில்லாதவர்கள் பள்ளிக்கு அனுப்புங்கள். ஆளில்லாத அறையில் விளக்கும் விசிறியும் ஓடவேண்டா. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியையும் எரிவாயுவையும் எரித்தே கிடைக்கிறது. மாணவர்களே, வீட்டில் இவற்றை அன்போடு நினைவூட்டுவது உங்கள் பொறுப்பு. தொட்டியில் எரு ஆயத்தமாக உள்ளது. கீரைப் பாத்தி போட விரும்பும் குடும்பத்தார் பள்ளி நேரத்தில் வந்து பெற்றுச் செல்லலாம்.