விழுங்கும் நேரம்

மே 6
டான்சில் எடுத்தாயிற்று. மயக்கம் தெளிந்ததும் சின்னவன் தண்ணீர்தான் கேட்டான். சீட்டில் வலிக்கு இரண்டே மருந்து: பாராசிட்டமால், ஐபுபுரூஃபன். எடை பார்த்து மில்லிக் கணக்கு எழுதியிருக்கிறார் டாக்டர். "வலிக்குதான்னு கேட்டுட்டுக் குடுக்காதீங்க, மணி பாத்துக் குடுங்க. ராத்திரியும் எழுப்பிக் குடுங்க" என்றார்.

மே 7
ஃப்ரிட்ஜில் ஐஸ்கிரீம் கப்பைப் பார்த்த அத்தைக்கு மனசு ஆறவில்லை. "புண்ணா இருக்கிற தொண்டையில ஐஸா? சளி கட்டிக்கும்மா." வருஷக்கணக்கில் சளியும் காய்ச்சலுமாகக் கிடந்த பேரனுக்குக் குளிர்ந்த தண்ணீரைக் கண்ணில் காட்டாதவர் அவர். விழுங்காமல் கிடந்தால் தொண்டை காயும், காய்ந்தால் வலி ஏறும், ஏறினால் இன்னும் விழுங்க மாட்டான், குளிர்ச்சி கொஞ்சம் மரக்கவாவது செய்யும் என்றேன். பதில் பேசாமல் போனார். சாயங்காலம் இளநீர் வழுக்கையை மசித்து, ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, அவரே ஊட்டினார்.

மே 8
மோர் நாலு மடக்கு. அவ்வளவுதான்.

மே 10
நாளாக நாளாகக் குறையும் என்றுதானே நினைப்போம். மூன்றாம் நாளிலிருந்துதான் ஏறுகிறது. இன்று காதைப் பிடித்துக்கொண்டு அழுதான். காதில் ஒன்றுமில்லையாம். டான்சில் இருந்த இடத்துக்கும் காதுக்குள்ளும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால் அங்குள்ள வலி இங்கே தெரிகிறது. தொண்டையில் வெள்ளையாகப் படிந்திருப்பதும் சீழ் இல்லை, ஆறுகிற புண்ணின் பொருக்கு.

இன்னும் பலமான மருந்து தரக்கூடாதா என்று டாக்டரிடம் ஃபோனில் கெஞ்சினேன். கோடீன் பற்றிச் சொன்னார். ஈரலில் அது மார்ஃபினாக மாறும். சில பிள்ளைகள் உடம்பில் அது மளமளவென்று மாறி மூச்சையே நிறுத்திவிடும். டான்சில் எடுத்து வீடு திரும்பிய குழந்தைகள் அப்படி இறந்திருக்கிறார்கள். அமெரிக்க எஃப்.டி.ஏ. 2013-ல் கடுமையாக எச்சரித்தது. 2017-ல், 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோடீன் கூடவே கூடாது என்றுவிட்டது, டிரமடாலும்தான். யாரோ ஒரு அம்மா சீட்டில் எழுதியிருந்தபடியே அளந்து ஊற்றியிருப்பாள். அந்த நினைப்பு போகமாட்டேன் என்கிறது.

பாராசிட்டமால் தீரப்போகிறது. மெடிக்கல் ஷாப்பில் அதோடு ஐபுபுரூஃபனும் கலந்த சிரப்பை நீட்டினார் கடைக்கார அண்ணன். வீட்டில் இருப்பவற்றோடு இதுவும் சேர்ந்தால் ஒரே மருந்து இரண்டு தடவை உள்ளே போகும். வேண்டாமென்று அடுத்த தெருக் கடைக்கு நடந்தேன்.

மே 11
நர்ஸ் கொடுத்த தாளில் வலி எவ்வளவு என்று காட்ட ஆறு முகங்கள், சிரிப்பிலிருந்து அழுகை வரை. 1980-களில் அமெரிக்காவின் துல்சா நகர மருத்துவமனையில் டோனா வாங், கோனி பேக்கர் என்ற இருவர், தீக்காயப் பிள்ளைகளையே வரையவைத்து உருவாக்கியதாம். எது உன் முகம் என்றேன். சிரிக்கிற முகத்தில் விரலை வைத்தான். வைத்தபடியே எச்சில் விழுங்கினான், தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின, கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

பக்கத்தில் அத்தை ஃபோனில் இருந்தார். "எம்பேரன் சிங்கம்ல! ஒரு சொட்டுக் கண்ணீர் விடல."

அவர் கோயிலுக்குப் போனதும் தாளைத் தானே எடுத்து வந்தான். ஐந்தாவது முகம். "பாட்டிகிட்ட சொல்லாதம்மா."

மே 12
மாடிப்படி ஏறும்போது அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கால் எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார்.

மே 14
பொருக்கு உதிரும் நாட்கள். ரத்தம் வந்தால் இப்போதுதான் வருமாம். தூக்கத்தில் அடிக்கடி விழுங்கினால் எழுப்பி வாயைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சிவப்பாகத் தெரிந்தால் நேரே ஆஸ்பத்திரி. இரவு டார்ச்சும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

காலையில் குழைந்த இட்லி ஒன்றரை சாப்பிட்டான். முறுக்கு கேட்டான், இப்போதைக்குக் கிடையாது. வலிக்குதா என்று அத்தை கேட்டார். என்னைப் பார்த்தான், பிறகு அவரை. "கொஞ்சம்" என்றான்.

மருந்தை எப்போது நிறுத்தலாம் என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.